பெயின்ற் கொம்பனியின் துடுப்பு வரிசை

8 ஏப்ரல் 1972, சனி

மழை. செவன் ஹில்ஸ் மைதானம் சேறாகிக் கிடக்கிறது. பருவத்தின் முதல் ஆட்டம் நடக்கவில்லை. ஐந்து பென்சில் சீவி வைத்தது வீண். குசினியிலிருந்து மனைவி சிவனேஸ்வரி சொன்னாள்: "பந்தடிக்கிறவை வீட்டில படுத்திருக்கினம். எழுதிறவருக்குத்தான் கவலை."

உண்மை. ஐந்து வருடமாகக் கர்லூஸ் என்று பறவைப் பெயர் வைத்த பேஸ்போல் கிளப்பில் இருக்கிறேன், ஒரு பந்தும் அடித்ததில்லை. ஸ்கோர் புத்தகம் எழுதுகிறேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை அந்தப் பக்கம் நடந்து போனேன். வேலிக்கு அப்பால் ஒரு கிழவர் மடியில் புத்தகத்தை விரித்துச் சதுரம் சதுரமாக ஏதோ நிரப்பிக்கொண்டிருந்தார். கணிதம் படித்தவன் நான்; கால் நகரவில்லை. என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். வந்து பக்கத்தில் இரு, காட்டுகிறேன் என்றார். அவர்தான் கிளப்பின் தலைவர், லென் ஹார்கின். நான்கு மாதம் நான் வேலை செய்யும் கந்தோரில் எனக்குக் 'காலை வணக்கம்' சொல்லவே யோசித்தார்கள். இந்த மனிதர் இருக்க இடம் கொடுத்தார்.

என் பெயர் அவர்களுடைய வாயில் கேதீஸ்வரன் அல்ல, கீத். இருக்கட்டும்.

லென் அன்று சொல்லித் தந்த முதல் விதி இன்னும் எனக்குப் பிடித்த விதி. ஒருவன் தன் முறை வராமலே துடுப்பெடுத்து நின்றால் ஸ்கோரருக்கு அது தெரியும். ஆனால் யாருக்கும் சொல்லக்கூடாது. அம்பயரும் சொல்லக்கூடாது. எதிரணி தானாகக் கண்டுபிடித்து, அடுத்த பந்து எறிவதற்கு முன் கேட்டால் மட்டுமே அது குற்றம். கண்டும் காணாமல் இருப்பதையே கடமையாக வைத்த வேறு விளையாட்டு எனக்குத் தெரியாது.

13 ஏப்ரல், வியாழன்

வருஷப்பிறப்பு. மெரிலேண்ட்ஸில் டொக்டர் அரியரத்தினம் வீட்டில் தமிழ்க் குடும்பங்கள் பதினொன்றும் கூடின. தேவராஜாவும் வந்திருந்தான்.

அவனைப் பற்றி எழுதாமல் இருக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் கொழும்பில் ஒரே கந்தோர், அடுத்தடுத்த மேசை. சிங்களப் பரீட்சை எழுதினால்தான் சம்பள உயர்வு என்ற காலம். நான் எழுதமாட்டேன் என்று மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவனிடம் மட்டும் சொன்னேன். மூன்று நாளில் கந்தோர்ப் பெரியவருடைய காதுக்குப் போய்விட்டது. எனக்குப் பொலநறுவைக்கு மாற்றம். என் கதிரையில் அவன். அவன் பரீட்சை எழுதினான், சித்தியும் எய்தினான்.

இப்போது அவன் டன்ஸ்டர் பெயின்ற் கொம்பனியில் ஆட்களை வேலைக்கு எடுக்கும் ஆளணி மனேஜர். நான் மின்சாரக் கந்தோரில் மீற்றர் கணக்குச் சரிபார்க்கிறேன்.

"என்ன கேதீஸ், இன்னும் அந்தப் பறவைக் கிளப்பிலையோ இருக்கிறீர்?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு டொலர் நோட்டை எடுத்து, கைவிசேஷம் என்று என் உள்ளங்கையில் வைத்தான். பெரியவர்கள் சின்னவர்களுக்குக் கொடுப்பது. என்னைவிட அவன் எட்டு மாதம் இளையவன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருப்பிக் கொடுத்தால் நல்ல நாளைக் குழப்பியவன் நான் ஆவேன். வாங்கினேன்.

வீட்டுக்கு வரும் வழியில் மெரிலேண்ட்ஸ் ஸ்டேஷன் குப்பைத் தொட்டியில் அதைப் போட்டேன்.

21 ஏப்ரல், வெள்ளி

கிளப் போய்விட்டது.

விசேட பொதுக்கூட்டம். டன்ஸ்டர் கொம்பனியின் யோசனை: அவர்கள் மின்விளக்குக் கம்பமும் புதிய மண்டபமும் கட்டித் தருவார்கள். பதிலுக்குக் கிளப்பின் பெயர், நிலக் குத்தகை, நிர்வாகம் எல்லாம் கொம்பனிக்கு. ஆதரவாக 29 கை. எதிராக 17. லென் வாக்கை எண்ணிவிட்டு இரண்டாம் தரமும் எண்ணினார். எண்ணினால் மாறுமா?

யார் அந்த 29? பத்துப் பேர் பழையவர்கள், விளக்குக்கு ஆசைப்பட்டவர்கள். பத்தொன்பது பேர் புதியவர்கள். மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் பத்தொன்பது விண்ணப்பம் வந்தது. பதிவேட்டில் பெயர் ஏறி இருபத்தெட்டு நாள் ஆனால்தான் வாக்கு. கிளப் செயலாளர் நான். அந்தப் படிவங்களை ஒரு வாரம் மேசையில் போட்டு வைத்திருந்தால் போதும். எந்தச் செயலாளரும் அப்படித்தான் போட்டு வைத்திருப்பான். நானோ வந்த அன்றைக்கே, அகர வரிசையில், கறுப்பு மையில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் ஏற்றினேன். என் பதிவேட்டில் நிலுவை இருந்ததே இல்லை. 'பார்த்தீர்களா, கிளப் வளர்கிறது' என்று லென்னுக்குக் காட்டவும் செய்தேன்.

பத்தொன்பது பேரும் டன்ஸ்டர் தொழிலாளிகள். அனுப்பியவன் தேவராஜா. கொம்பனியின் சார்பில் இனிக் கிளப்பை நடத்தப்போகிறவனும் அவன்தான். கூட்டம் முடிந்ததும் வந்து கை தந்தான்.

"உம்மடை பதிவேடு மாதிரி ஒண்டை நான் கண்டதில்லை, கேதீஸ். ஒரு பிழை இல்லை."

இதையும் மறக்கமாட்டேன்.

6 மே, சனி

இனிக் கர்லூஸ் இல்லை. 'டன்ஸ்டர் பெயின்ற்ஸ்'. மண்ணிற உடுப்புப் போய்ச் செம்மஞ்சள் வந்திருக்கிறது. முதுகில் ஒன்று, இரண்டு என்று வீரர் இலக்கம் இல்லை. கொம்பனி வர்ண அட்டையின் இலக்கங்கள். பந்து எறிகிறவன் 1407. அது ஒரு பச்சையாம். பிடிப்பவன் 2215. பார்க்க வந்தவர்கள் எந்த இலக்கம் யார் என்று தெரியாமல் விழித்தார்கள்.

லென்னைத் தலைமையிலிருந்து நீக்கினார்கள். இருபத்திரண்டு வருடம். ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். அவர் அதைக் கட்டாமல் பெட்டியோடு அக்குளில் வைத்துக்கொண்டு போனார். செயலாளர் வேலை என்னிடமிருந்து கொம்பனித் தட்டெழுத்துக்காரியிடம் போய்விட்டது. ஸ்கோர் எழுத மட்டும் வேறு ஆள் கிடைக்கவில்லை. அதனால் இருக்கிறேன்.

எதற்காக இருக்கிறேன்? கேட்டுக்கொண்டே வீடு வந்தேன். இருந்தால்தான் பார்க்கலாம். பார்த்தால்தான் ஒரு நாள்—

23 மே, செவ்வாய்

இலங்கை குடியரசாகிவிட்டதாம். சிலோன் என்ற பெயரும் போயிற்று. ஒரே மாதத்தில் இரண்டு பெயர்.

3 ஜூன், சனி

பயிற்சியாளர் மேர்வ் நல்ல மனிதன், பிளம்பர். துடுப்பு வரிசையை ஆட்டத்தன்று காலையில் யாருக்குக் கை நன்றாக இருக்கிறது என்று பார்த்து, மைதான ஓரத்து வாங்கில் இருக்கும் வீரர்களுக்கு வாயால் சொல்வான். பிறகு ஒரு கடதாசித் துண்டில் கிறுக்கி அம்பயரிடம் கொடுப்பான். எப்போதும் அப்படித்தான்.

தேவராஜா அதை நிறுத்திவிட்டான். வரிசை வியாழக்கிழமையே கந்தோருக்கு வரவேண்டும். தட்டெழுத்தில், கொம்பனி முத்திரையோடு அம்பயருக்கும் எதிரணிக்கும் எனக்கும் அட்டை தயாராகும். கையெழுத்துக் கடதாசி கொம்பனிக்கு அழகில்லையாம். மேர்வ் தலையை ஆட்டினான். வியாழனில் ஒன்றைச் சொல்கிறான். சனியில் வழக்கம்போல மனதை மாற்றுகிறான். அட்டையை அவன் திறந்தும் பார்ப்பதில்லை.

1 ஜூலை, சனி

கண்டேன்.

முதல் இன்னிங்ஸிலேயே. எனக்குத் தரும் அட்டையின் பிரதியில் ஐந்தாவது பெயர் பார்ன்ஸ், ஆறாவது டூலி. மைதானத்தில் ஐந்தாவதாக வந்தவன் டூலி. முறை தப்பிய ஆட்டம். எதிரணி கேட்டிருந்தால் பார்ன்ஸ் ஆட்டமிழந்தவன், டூலி அடித்தது செல்லாது. எதிரணிக்கு அது எப்படித் தெரியும்? அட்டையில் பெயர், முதுகில் வர்ணம். ஆட்டம் முடியும்வரை ஒருவரும் கேட்கவில்லை. டன்ஸ்டர் வென்றது.

நான் விதிப்படி வாயைத் திறக்கவில்லை.

8 ஜூலை, சனி

இன்றும். இந்தத் தடவை இரண்டாவதும் மூன்றாவதும்.

10 ஜூலை, திங்கள்

ஆட்டம் நடக்கும்போதுதான் சொல்லக்கூடாது. திங்கட்கிழமை சொல்ல ஒரு தடையும் இல்லை. தொலைபேசியை எடுத்து, 'தேவராஜா, உன் அட்டையும் மேர்வின் வரிசையும் ஒத்துப்போவதில்லை' என்று சொன்னால் முடிந்தது. ஒரு வசனம்.

அந்த வசனம் எனக்குப் பொலநறுவையை ஞாபகப்படுத்துகிறது. நுளம்பு வலைக்குள் இருந்து மெழுகுதிரியில் ஊர்க் கடிதம் வாசித்த மனிதனை. தேவராஜாவும் அன்று ஒரு வசனத்தைத்தான் போய்ச் சொன்னான். நான் ஒரு வசனத்தைச் சொல்லாமல் விடுகிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

சிவனேஸ்வரியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது.

"உங்களுக்கு அந்தாளை விட்டா வேற நினைப்பில்லையோ? தோத்தா அழப்போறது அந்த விளையாடுற பெடியள்தானே."

பெடியளுக்கும் செம்மஞ்சள் உடுப்புப் பிடித்திருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். புட்டுக்கு மாக் குழைக்கப் போய்விட்டாள்.

12 ஆகஸ்ட், சனி

லென்னை ரிவர்பாங்க் அணி முகாமையாளராக எடுத்திருக்கிறது. பென்ரித் பக்கத்துச் சின்னக் கிளப். சொந்த நிலம், தகரக் கொட்டில், கடனில்லை. இன்று அவர்களோடு ஆட்டம். லென் என் மேசைக்கு வந்து தோளில் தட்டினார். பென்சில் இன்னும் அதே கூர்மையா என்று கேட்டார்.

இன்று அட்டை சரியாக இருந்தது. அவருக்கு அது உதவவில்லை. தோற்றார்.

2 செப்டெம்பர், சனி

இறுதி ஆட்டம் டன்ஸ்டருக்கும் ரிவர்பாங்குக்கும். அடுத்த சனி.

தேவராஜா டிரெக்டர்மார் ஐந்து பேரையும் குடும்பத்தோடு அழைத்திருக்கிறான். வென்றால் மேல் பிரிவு. அவனுக்கு நிர்வாகசபையில் கதிரை என்று பேச்சு. என்னிடமே சொன்னான்: "இந்த மச்சில எல்லாத்தையும் வைச்சிட்டன், கேதீஸ். வெண்டா நான் எங்கையோ போயிடுவன்."

எங்கே போவாய் என்று பார்ப்போம்.

அட்டை சரியாக இருந்துவிட்டால்? அந்தப் பயம்தான் இந்த வாரம் முழுவதும். வெட்கமாக இல்லையா உனக்கு? இல்லை.

9 செப்டெம்பர், சனி

நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும்.

அட்டை வந்தது. ஐந்தாவது பார்ன்ஸ், ஆறாவது டூலி. மேர்வ் வாங்கில் சொல்வது என் காதிலும் விழுந்தது: ஐந்தாவது டூலி. பென்சிலை மாற்றினேன்.

மூன்று தடவை டூலி முறை தப்பி வந்தான். மூன்று தடவையும் ஒன்றும் ஆகவில்லை, ஒருவரும் கேட்கவில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸ், கடைசிப் பாதி. ரிவர்பாங்க் 4, டன்ஸ்டர் 3. இரண்டு பேர் ஆட்டமிழந்தாயிற்று. இரண்டாம் மூன்றாம் பேஸ்களில் ஆட்கள். நான்காவது தடவையாக டூலி வந்தான். முதல் பந்தையே வலப்பக்கம் அடித்தான். இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். 5–4. செம்மஞ்சள் எல்லாம் மைதானத்துக்குள் பாய்ந்தது. டிரெக்டர் ஒருவர் தொப்பியை மேலே எறிந்தார். தேவராஜா இரு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றான்.

ரிவர்பாங்க் ஆட்கள் தலையைக் குனிந்து வெளியே நடக்கத் தொடங்கினார்கள். அவர்கள் எல்லாரும் கோட்டைத் தாண்டிவிட்டால் கேட்கும் உரிமை முடிந்தது. லென் வழக்கப்படி புத்தகத்தில் கையெழுத்திட என் மேசையை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

நான் ஐந்து வருடத்தில் ஒரு அடியையும் எழுதத் தாமதித்ததில்லை. பந்து நிலத்தில் விழுமுன் பென்சில் சதுரத்தில் இருக்கும். அது லென்னுக்குத் தெரியும், அவர் பழக்கியது. இன்று டூலியின் சதுரம் வெள்ளையாக இருந்தது. பென்சிலை மேசையில் வைத்தேன். கையை எடுத்து மடியில் போட்டேன். அவரைப் பார்த்தேன்.

நான் ஒரு சொல் சொல்லவில்லை.

லென் நின்றார். வெள்ளைச் சதுரத்தைப் பார்த்தார், பென்சிலைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து விரல் வைத்து வாசித்தார். பிறகு திரும்பி, அந்த வயதில் அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ, தன் ஆட்களை நில்லுங்கள் என்று கத்தினார். அம்பயரைக் கூப்பிட்டார்.

அம்பயர் அட்டையை வாசித்து முடிக்க ஐந்து நிமிடம். டூலியின் அடி செல்லாது. ஓட்டம் இரண்டும் செல்லாது. வரவேண்டியவன் பார்ன்ஸ், அவன் ஆட்டமிழந்தான். ரிவர்பாங்க் 4, டன்ஸ்டர் 3.

தேவராஜா தன் கொம்பனி முத்திரை பதித்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முன்பக்கம், பின்பக்கம். முகம் சாம்பல். பன்னிரண்டு வருடம் நான் காத்திருந்த முகம் அது. ஆசை தீரப் பார்த்தேன்.

டூலி முதலாம் பேஸிலேயே குந்தியிருந்தான். வயது இருபது இருக்கும். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இராச் சோறு இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

11 செப்டெம்பர், திங்கள்

தேவராஜாவின் தொலைபேசி. கத்துவான் என்று ஆயத்தமாக எடுத்தேன்.

"உமக்குத் தெரியுமோ, கேதீஸ்? அண்டைக்கே தெரியுமோ?"

ஓம் என்றேன். ஸ்கோரர் சொல்லக்கூடாது, விதி அப்படி என்றேன். அவன் சொன்னான்: "டிரெக்டர்மாருக்கு நான் சொன்னனான். ஸ்கோரர் எங்கடை ஆள்தான், ஆனா விதி எண்டா விதி, எங்களுக்காகவும் வாய் திறக்கேல்லை எண்டு. பெரியவர் சொன்னார், அப்பிடி ஒரு மனுசனைக் கையை விடாதை எண்டு. நானும் அதைத்தான் நினைச்சன்."

அவனுக்குப் புரியவே இல்லை. நான் அவனை அடித்தேன் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. தெரியாத அடி அடியா? சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் நான் விதியை மீறியவன்.

16 செப்டெம்பர், சனி

ரயிலேறிப் பென்ரித் போனேன். லென்னோடு ஒரு தேத்தண்ணி குடித்து, வெற்றியை இருவருமாகச் சிரித்துக் கொண்டாடலாம் என்று நினைத்துப் போனேன்.

லென் கேற்றைத் திறக்கவில்லை. அதன்மேல் இரு கையையும் வைத்துக்கொண்டு பேசினார். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"கீத், நான் அட்டையைப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. உன் மேசையைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். அது உனக்கும் தெரியும்."

நான் வாயே திறக்கவில்லையே என்றேன்.

"உனக்கு முதல் நாள் என்ன சொல்லித் தந்தேன்?"

வென்ற கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தால் தன் ஆட்களுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்திருக்கிறாராம். ஒரு வாரமாக நித்திரை இல்லையாம். எல்லாம் உங்களுக்காகத்தானே என்றேன்.

"எனக்காகவா?" என்றார். உள்ளே போய்விட்டார்.

எல்லாம் அவருக்காகத்தான். பாதியாவது.

18 நவம்பர், சனி

அரியரத்தினம் வீட்டு ஒன்றுகூடல். தேவராஜா தட்டில் இரண்டு வடையோடு பக்கத்தில் வந்து இருந்தான்.

ரிவர்பாங்க் கிளப்பை டன்ஸ்டர் வாங்கிவிட்டது.

அதே வழி. புது உறுப்பினர், கை உயர்த்தல். "தோத்த ரீமை என்னத்துக்கு வைச்சிருக்கிறது? வெண்டதை வாங்கியாச்சு. சொந்த நிலம் வேற. டிரெக்டர்மாருக்கு நல்ல சந்தோசம்." கதிரையும் கிடைத்துவிட்டது அவனுக்கு. செவன் ஹில்ஸ் குத்தகை நிலத்தில் கொம்பனி களஞ்சியம் கட்டுகிறதாம்.

லென் என்ன ஆனார் என்று கேட்டேன். தூசியைத் தட்டுவதுபோல் கையை அசைத்தான். வயது போய்விட்டதாம். அவருக்கும் ஒரு கைக்கடிகாரம்.

இரண்டாவது கைக்கடிகாரம்.

லென் தோற்றிருந்தால் ரிவர்பாங்க் இன்றும் அவருடையது. வெல்ல வைத்தவன் யார்? வடை கையில் அப்படியே இருந்தது.

"ஏப்ரலிலை நீர்தான் எழுதவேணும்," என்றான் தேவராஜா. "வேற ஆளை நான் விடமாட்டன்."

19 நவம்பர், ஞாயிறு

மாட்டேன்.

3 மார்ச் 1973, சனி

சம்மதம் என்று கடிதம் போட்டாயிற்று. சிவனேஸ்வரி, "போங்கோ, சனிக்கிழமையில உங்களை வீட்டில வைச்சிருக்க ஏலாது," என்றாள். அவள் அறியமாட்டாள். உள்ளே இருந்தால்தான் இந்த முறை முழுதாகச் செய்யலாம். சென்ற தடவை அவனுக்குத் தெரியாமல் அடித்தேன், அது பிழை. இந்த முறை அடித்துவிட்டு முகத்துக்கு நேரே சொல்வேன். லென்னுக்கும் அது போய்ச் சேரும்.

14 ஏப்ரல், சனி

வருஷப்பிறப்பு. பருவத்தின் முதல் ஆட்டமும் இன்று, பென்ரித்தில். நல்ல வெயில். தகரக் கொட்டில் செம்மஞ்சள். எனக்கும் ஒரு செம்மஞ்சள் ஜக்கெற் தந்தார்கள். இலக்கம் 3102.

ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் இருக்கத் தேவராஜா இரண்டு தாளோடு வந்தான். ஒன்று கந்தோர் அட்டை. மற்றது மேர்வ் தன் கையால் எழுதிய வரிசை.

"இனி அம்பயருக்குப் போக முன்னம் நீர் பாத்துச் சரி எண்டு சொல்லவேணும். கைவிசேஷம் எண்டு பிடியும்."

இரு கையாலும் வாங்கினேன்.

பார்த்தேன். மூன்றாவதும் நான்காவதும் மாறியிருந்தன. ஏழு மாதமாக நான் கேட்டது என் கையில் இருந்தது. 'சரி' என்ற ஒரு சொல் போதும். வாரம் முழுக்க, அடித்தபின் அவன் முகத்துக்கு நேரே சொல்லப்போவதைத்தான் சொல்லிப் பார்த்திருந்தேன். வேலிக்கு அப்பால் ஒரு கிழவர், கம்பியில் விரல் கோத்தபடி நின்றார். தொப்பியைக் கண்டே தெரிந்தது, லென்.

பட்டியல் பிழையாக இருந்தது. இரண்டு பெயர் இடம் மாறி, என் கண் முன்னால், முத்திரையோடு. பிழைக்குச் 'சரி' சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"மூண்டும் நாலும் மாறியிருக்கு," என்றேன். பென்சிலால் அம்புக்குறியும் போட்டுக் காட்டினேன்.

தேவராஜா என் தோளில் தட்டிவிட்டுப் போனான். நிமிர்ந்து பார்த்தபோது வேலியில் ஒருவரும் இல்லை. முதல் பந்து எறிந்தார்கள். எழுதத் தொடங்கினேன்.